எலக்ட்ரிக் காரில் சார்ஜ் ஏறவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் என்ன செய்வோம்? பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா, கரண்ட் வருகிறதா எனப் பார்ப்போம். எலக்ட்ரிக் காருக்கும் அதே பாடம்தான். நான் அதைக் கற்றது ஒரு பதற்றமான இரவில்.

ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மறுநாள் காலை 9 மணிக்குச் சென்னையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எங்கள் டியாகோ காரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டுப் படுத்தேன். இரவு 11 மணிக்குக் கருகல் வாசனை. சாக்கெட் இளகிப் போயிருந்தது. பேட்டரியில் 34 சதவீதம்தான் இருந்தது. அது 60 கிலோமீட்டருக்குத்தான் வரும். சென்னையோ ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

முதல் இடம்: வீட்டு சாக்கெட்

கார் சார்ஜ் ஆவதைப் பிராட்பேண்டுடன் ஒப்பிடலாம். கிலோவாட் என்பது வேகம். யூனிட் என்பது டவுன்லோட் ஆன அளவு. என் கார் பேட்டரி 24 யூனிட் கொள்ளும். 15 ஆம்பியர் பிளக்கில் 10லிருந்து 100 சதவீதம் ஏற ஏறத்தாழ 9 மணி நேரமாகும்.

இந்த 9 மணி நேரம்தான் பிரச்னை. கெய்சரும் அதே சாக்கெட்டில்தான் ஓடுகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவோம். கார் இரவு முழுக்க இழுக்கும். சாக்கெட்டின் பின்னால் ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி உருகும். என் வீட்டில் நடந்தது இதுதான்.

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி ஒயர் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகியவை வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இரண்டாம் இடம்: காரும் சார்ஜரும்

அன்றிரவு ஒரு பொது சார்ஜருக்கு ஓடினேன். ஆப்பில் "தயார்" என்று காட்டியது. சொருகினேன், ஏறவில்லை. ஏன்?

பேட்டரிக்கு வேண்டியது டி.சி. கரண்ட். வீட்டில் வருவது ஏ.சி. லேப்டாப்புக்கு அடாப்டர் போல, காருக்குள்ளேயே ஒரு கருவி அதை மாற்றித் தருகிறது. வேக சார்ஜரில் இந்த அடாப்டர் வெளியே, பீரோ அளவில் நிற்கிறது. அது நேராகப் பேட்டரிக்கு டி.சி. அனுப்புகிறது. அதனால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதைக் காரும் சார்ஜரும் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும். டயல்-அப் காலத்தில் மோடம் கீச்சிட்டு ஹேண்ட்ஷேக் செய்ததே, அதே கதைதான். சி.சி.எஸ்.-2 பிளக்கில் இந்தப் பேச்சு முடியாமல் ஒரு துளி கரண்ட்டும் வராது. கழற்றி, காரைப் பூட்டித் திறந்து, அழுத்திச் சொருகினால் பலமுறை சரியாகிவிடும். எனக்கு அன்று சரியாகவில்லை.

மூன்றாம் இடம்: சார்ஜரும் சர்வரும்

நீங்கள் ஆப்பில் "ஸ்டார்ட்" தொட்டதும் கட்டளை நேராக சார்ஜருக்குப் போவதில்லை. முதலில் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து பல இடங்களில் ஒரு சிம் கார்டு வழியாக சார்ஜருக்கு வருகிறது. சிக்னல் இல்லை என்றால் அந்தக் கட்டளை சார்ஜருக்கு வந்து சேராது. ஆப்பில் தெரியும் "தயார்" என்பது சர்வர் கடைசியாகக் கேட்ட செய்தியாகவும் இருக்கலாம்.

இரண்டாவதாகப் போன சார்ஜர் கைகொடுத்தது. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்தது. குடம் நிரம்பும்போது குழாயை மெல்லத் திருகுவது போல, பேட்டரியைக் காக்கவே இந்த ஏற்பாடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து 90 சதவீதம் ஏற்றினேன். விடியும் முன் கிளம்பி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கிளம்பும் முன்

- வழியில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சார்ஜர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- இரண்டு ஆப்களிலும் வீட்டிலேயே பதிவு செய்து, பணமும் போட்டு வையுங்கள்.
- முக்கியப் பயணம் என்றால் முதல் நாள் மாலையே சார்ஜ் போடுங்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

கம்ப்யூட்டரில் முக்கியமான பைலுக்கு பேக்-அப் வைப்பீர்கள் அல்லவா? சார்ஜருக்கும் ஒரு பேக்-அப் வையுங்கள்.