மூளைக்குள் ஒரு வெப்பமானி

மூளைக் கட்டியைச் சூட்டால் அழிக்கலாம் என்பது பழைய யோசனைதான். கட்டிக்குள் லேசர் இழையைச் செருகிச் சுடலாம் என்று பிரிட்டன் மருத்துவர் ஸ்டீபன் பௌன் 1983-லேயே எழுதினார். 1990-ல் ஜப்பானில் சுகியாமா குழுவினர் அதை மூளைக் கட்டிகளில் செய்தும் பார்த்தார்கள். ஆனாலும் அப்போது அது பரவவில்லை. உள்ளே போன சூடு எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லீரலில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெந்துபோனால் கல்லீரல் தாங்கிக்கொள்ளும். மூளையிலோ அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் ஒருவரின் பேச்சு இருக்கலாம், வலது கையின் அசைவு இருக்கலாம்.

அந்த முட்டுக்கட்டையை எடுத்தது எம்.ஆர்.ஐ. கருவி. படம் எடுப்பதற்காக வந்த கருவி, வெப்பமானியாகவும் வேலை செய்யும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலுவான காந்தப்புலத்தில் நம் உடலிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பதில் சமிக்ஞை தருகின்றன. 1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட கருவியில் அது நொடிக்குச் சுமார் 6.4 கோடி அதிர்வுகள். தண்ணீர் சூடானால் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது, அதிர்வெண் துளியளவு இறங்குகிறது. ஒரு டிகிரி ஏறினால் இறங்குவது சுமார் 0.64 அதிர்வு. ஆறரைக் கோடியில் ஒன்றுகூட இல்லாத அந்த வித்தியாசத்தைக் கருவி பிடித்துவிடுகிறது! வெப்பநிலையோடு தண்ணீரின் அதிர்வெண் மாறுவதை 1966-ல் ஹிண்ட்மன் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். அதை வெப்பநிலைப் படமாக வரையும் முறை 1990-களில் வந்தது. அறுவை அறைக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தவர்களில் முதன்மையானவர், ஹங்கேரியில் பிறந்து பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபெரென்ஸ் யோலெஸ்.

இன்று செய்வது இதுதான். மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதன் வழியே, முன்கூட்டியே கணித்த பாதையில், கட்டியின் நடுவுக்கு ஒரு மெல்லிய இழை போகிறது. அது கண்ணாடி இழை என்பதால் காந்தத்துக்குப் பகை இல்லை. நோயாளி ஸ்கேன் கருவிக்குள் இருக்கும்போதே லேசரை இயக்குகிறார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை திரையில் புதிய வெப்பப் படம் வருகிறது. இழை நுனி அளவுக்கு மீறிச் சூடானாலோ, காப்பாற்ற வேண்டிய நரம்புப் பாதையின் ஓரத்தில் வெப்பம் ஏறினாலோ லேசர் தானே நின்றுவிடும்படி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அறுபது டிகிரியைத் தாண்டினால் திசுவின் புரதம் உடனே உறைந்துவிடும். ஆனால் 43 டிகிரியிலேயே நெடுநேரம் இருந்தாலும் செல் சாகும். அதனால் சூட்டின் அளவோடு அது நீடித்த நேரத்தையும் சேர்த்தே கணினி கணக்கிடுகிறது. சபரேட்டோவும் டீவியும் 1984-ல் தந்த கணக்கு முறை இதற்கு அடிப்படை. எந்த இடம் செத்துவிட்டது, எந்த இடம் பிழைத்திருக்கிறது என்று மருத்துவர் கோடு போட்டுப் பார்க்க முடிகிறது.

இந்த வகை லேசர் கருவிகளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-லும் 2009-லும் அனுமதி தந்தது. அதே எஃப்.டி.ஏ. 2018-ல் ஓர் எச்சரிக்கையும் விடுத்தது: வெப்பப் படம் தவறாகக் காட்டக்கூடும், திரையில் தெரிவதைவிட அதிகமாகத் திசு வெந்துபோகக்கூடும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான அந்தச் சில நொடிகளில் சூடு பரவிவிடலாம். அருகில் பெரிய ரத்தக் குழாய் ஓடினால் அது வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்துக் கட்டி வேகாமல் மிஞ்சும். சிகிச்சை முழுவதும் இந்த வெப்பமானியை நம்பியே நடப்பதால், அதன் பிழையைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

துளையே போடாமல் சுடும் முயற்சியும் நடக்கிறது. தலையைச் சுற்றி 1024 ஒலிமூலங்கள் கொண்ட கவசம் வைத்து, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல மீயொலி அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். 2014-ல் சூரிச் ஆய்வாளர்கள், திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டியின் ஒரு பகுதியை இப்படி அழித்ததாகப் பதிவு செய்தார்கள். ஆனால் மண்டையோடு மீயொலியை உறிஞ்சித் தானே சூடாகிறது. மூளையின் நடுப்பகுதியை எட்டுவது எளிது, ஓரங்களை எட்டுவது கடினம். கை நடுக்க நோய்க்கு 2016-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த முறை, கட்டிகளைச் சுடுவதில் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

கிளியோபிளாஸ்டோமா கொடிய நோய். அறுவை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் செய்தும் பாதிப் பேர் சுமார் 15 மாதங்களைத் தாண்டுவதில்லை. லேசர் வெப்பம் அதைக் குணமாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கத்தி எட்டாத ஆழத்தில் இருக்கும் கட்டி, திரும்பி வந்த கட்டி, மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தபின் செத்து வீங்கிய திசு ஆகியவற்றில்தான் இதற்கு உண்மையான இடம் இருக்கிறது. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். திறந்த அறுவையைத் தாங்க முடியாத முதியவருக்கு அது பெரிய வரம். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பல மருந்துகளை மூளைக்குள் விடாமல் தடுக்கும் ரத்த-மூளைத் தடுப்பு, சுட்ட இடத்தைச் சுற்றிச் சில வாரங்கள் தளர்ந்திருப்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் காட்டியது. அந்த வாரங்களில் கீமோ மருந்து கூடுதலாக உள்ளே போகுமா என்று ஆராய்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், கத்தி இல்லை என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் சம்மதிக்காதீர்கள். கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, பெரிதென்றால் சுட்டபின் வரும் வீக்கத்தை எப்படிச் சமாளிப்பார்கள், இந்தக் குழு இதற்குமுன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இவற்றுக்கு அமர்ந்து பதில் சொல்வார்.