தட்டுப்பாடு வந்தா எப்படிச் சமாளிக்கலாம்?

சிங்கப்பூருக்கான உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கா? ஈரச்சந்தைகளில் புதுக்கோழி கிடைப்பது சிரமமாச்சு. ஆனா, பிரேசிலின் உறைந்த கோழி வந்துகிட்டுதான் இருந்தது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

மாற்றுப் பொருளுக்குப் பழகுங்க: உறைந்த இறைச்சி, டின் மீன், பருப்பு வச்சுச் சமைக்கத் தெரிந்தால், ஒன்று கிடைக்காவிட்டாலும் சமாளிக்கலாம்.

வாங்கிக் குவிக்காதீங்க: அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் 2 மடங்கு கையிருப்பு வைத்திருக்கணும். 2020 பிப்ரவரியில் கிருமிப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்தபோது, மக்கள் பதறி அள்ளியதால்தான் கடைத்தட்டுகள் காலியாச்சு. கிடங்கில் அரிசி இருந்தது.

பணம் ஒதுக்குங்க: விலை ஏறினாலும் வேலை போனாலும் கைகொடுப்பது சேமிப்புதான். 3 முதல் 6 மாதச் செலவுக்கான தொகையை இலக்காக வைங்க. முதல் சம்பளத்திலேயே தொடங்கலாம்.