'கரண்ட்' வைத்த வயிறு ஆறுமா?

1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து போய், வயிற்றில் 'கரண்ட்' வைத்துக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "வெந்த வயிறு ஆறுமா டாக்டர்?"

பெரும்பாலும் ஆறும். இரைப்பையின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே புதிதாகிக்கொண்டிருக்கிறது. மேலே செல்கள் உதிர உதிர, சுரப்பிகளின் கழுத்தில் இருக்கும் தாய்ச்செல்கள் பெருகி இடத்தை நிரப்பும். கதிர்வீச்சு அதிகம் தாக்குவது இப்படிப் பெருகும் செல்களைத்தான். குமட்டலும் எரிச்சலும் அதனால்தான். தப்பிய தாய்ச்செல்கள் சில வாரங்களில் தோலை மறுபடி மூடிவிடும். அமிலம் சுரக்கும் செல்கள் திரும்பத்தான் நாளாகும். அதுவரை குழைந்த கஞ்சி, நீர்மோர். கருவாட்டுக் குழம்பைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்! சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்காமல் எந்த லேகியமும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

சிலருக்கு மாதங்கள் கழித்து நுண் ரத்தக்குழாய்கள் சுருங்கிப் புண் வரும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் கஷாயம் தேடாதீர்கள். அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.