லிட்டரும் கிலோவும்

எண்ணெய் வாங்குவோருள் பலர் ஒரு லிட்டரும் ஒரு கிலோகிராமும் ஒன்றே எனக் கருதுகின்றனர். தண்ணீரைப் பொறுத்தவரை இஃது ஏறக்குறையச் சரியே. சோயா எண்ணெயோ 21 பாகை செல்சியசில் லிட்டருக்கு 919 கிராம் நிறையே உடையது, மில்லிலிட்டருக்கு 0.919 கிராம் அடர்த்தி என்பது இதன் பொருள்.

இதனை அடுக்களை அளவுக்கு மாற்றுதல் எளிது. 15 மில்லிலிட்டர் கொள்ளும் மேசைக்கரண்டியில் எண்ணெய் 13.8 கிராம் இருக்கும். ஒரு தோலா 11.664 கிராம் ஆதலின் இது 1.18 தோலாவாகும், அதே கரண்டி நீர் 1.29 தோலா. 80 தோலா கொண்ட சேர் எண்ணெய், லிட்டருக்குச் சற்றே மிகும். (சேரும் தோலாவும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் விலகியவை, எனினும் பலர் நாவைவிட்டு எளிதில் அகலவில்லை.)

சூடேறினால் எண்ணெய் விரியும். 60 பாகையில் ஒரு லிட்டரின் நிறை 892.6 கிராமே. அவ்வெப்பநிலையைக் குறிப்பிட்டு உறையிலிட்டதை வீட்டில் குளிர்ந்தபின் அளந்தால், 971 மில்லிலிட்டர்தான் தேறும்; குறைவது ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. ஐந்து லிட்டர்த் தகரத்தில் இக்குறை 132 கிராம்! இதனாலேயே, வெப்பநிலையைக் குறிக்காது கன அளவையும் நிறையையும் அச்சிடுமாறு 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் நலத்துறை பணித்தது. உறைகளைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை தவணை தந்தது.

ஐயமுள்ளோர் உறையை நிறுத்து, வெற்றுறையின் நிறையைக் கழித்துப் பார்க்கலாம். 30 பாகையில் லிட்டருக்குச் சுமார் 913 கிராம் இருத்தல் வேண்டும்.