மழைநாட்டிற் கிராண்ட் பியானோ: பழைய மாதிரியா, புதிய மாதிரியா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முன்னாளிற் பியானோ என்பது துரைமார் பங்களாவிற்கே உரிய பொருளாயிருந்தது. இன்று நம்மவர் ஒரு பாடசாலை மண்டபத்திற்குக் கிராண்ட் பியானோ வாங்க முற்படின், பழைய மாதிரியிற் பாவித்த கருவியைக் கொள்வதா, புதிய மாதிரியைப் புத்தம் புதிதாய்க் கொள்வதா என்னும் வினா எழும். பலர் சேர்த்த பணமாதலின் இருமுறை வாங்குதல் இயலாது.

கிராண்ட் பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் உள. அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 20 தொன். அதனை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். ஆயின் ஒலியைப் பெருக்கும் பலகையும், கம்பி சுற்றிய ஆணிகளை இறுகப் பற்றும் கட்டையும் மரமே. காற்றில் ஈரம் ஏறினாற் பலகை பருத்துச் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். இரத்தினபுரியோ ஆண்டிற்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர். கம்பி துருப்பிடித்தலும், அழுத்திய சுரக்கட்டை எழாது நின்றுவிடுதலும் இங்கு எதிர்பார்க்கத்தக்கனவே.

புதியது என்பதனால் மட்டும் ஒன்று சிறந்ததாகிவிடாது. நியூயோர்க் ஸ்டெயின்வே நிறுவனத்தார் 1962இல், சுத்தியற் பொறியின் அச்சுத் துளைகளிலிருந்த கம்பளியை நீக்கி டெஃப்லான் வைத்தனர். மரம் ஈரத்திற்கேற்பப் பருத்துச் சுருங்க, டெஃப்லான் மாறாது நின்றமையால், தளர்ச்சியுண்டாகி 'டிக் டிக்' என்னும் ஓசை எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் கம்பளிக்கே மீண்டனர். அதேவேளை, யப்பானியக் கவாய் நிறுவனத்தார் 1970களிற் பொறியின் சில மரவுறுப்புக்களுக்குப் பதிலாகப் புகுத்திய பிளாஸ்டிக் உறுப்புக்கள், ஈரத்திற் பருக்காதன, இன்றும் நிலைத்துள்ளன.

யமஹாவின் சி3 மாதிரியையும், 2012இல் அதன் வழியில் வந்த சி3எக்ஸையும் ஒப்பிடுவோம். இரண்டின் நீளமும் 186 சென்ரிமீற்றரே. புதியதில் அடிச்சட்ட மரங்கள் தடித்தவை. கம்பியும் சுத்தியலும் மாறியுள்ளன. கைதேர்ந்தோர் நாத வேறுபாட்டை உணர்வர். பயிலும் மாணவர்க்கு அது பெரிதன்று. ஈரத்தின் முன் இரண்டும் மரப்பொறிகளே.

ஆதலின், பாடசாலைக்கெனில், நாம் நல்ல நிலையிலுள்ள பழைய சி3ஐயே தெரிவோம். ஆணிகள் இறுகியுள்ளனவா, ஒலிப்பலகையில் வெடிப்புண்டா, கம்பியிற் துருவுண்டா என்பதை, விற்பவரன்றிப் பிறிதொரு சுருதி சேர்ப்பவர் பார்த்துச் சொல்லல் வேண்டும். பளபளக்கும் மேற்பூச்சு எதனையும் காட்டாது. மிஞ்சும் பணத்தில் ஒலிப்பலகைக்குக் கீழே மெல்லிய மின்வெப்பக் கோல் பொருத்தலாம். (நிமிர்ந்த பியானோவினுள் மின்குமிழ் எரியவிடும் பழைய வழக்கத்தின் திருந்திய வடிவம் இது.) ஆண்டிற்கு இருமுறை சுருதி சேர்ப்பவரை வரவழைக்கும் செலவையும் வாங்கும் நாளிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.