யூடியூபைத் திணறவைத்த பகா எண்!

2014 டிசம்பர். 'கங்னம் ஸ்டைல்' பாடலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, யூடியூப் கவுன்ட்டர் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டியது. அந்த எல்லை 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் இது. 32 'பிட்'டில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால், கம்ப்யூட்டர் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுதான். இதில் இன்னொரு விசேஷம், இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது.

இதை நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். 1772-ல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். ஒரு கண் எப்போதோ போயிருந்தது. முந்தைய ஆண்டு செய்த கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மற்ற கண்ணும் ஏறக்குறைய இருண்டுவிட்டது. கால்குலேட்டரும் கிடையாது!

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். இந்த எண்ணுக்கு அது 46,340. அதற்குள் பகா எண்கள் மட்டுமே நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். இந்த எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுக்குமானால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும். அந்தச் சல்லடையில் சலித்தால், சோதிக்கவேண்டியவை நானூறுக்கும் குறைவு. எதுவும் வகுக்கவில்லை.

அடுத்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியது. 'இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை, அதனால் பயனும் இல்லை' என்ற பொருளில் 1811-ல் எழுதிவைத்தார் ஆங்கிலேய கணித அறிஞர் பீட்டர் பார்லோ. பாவம், 1876-லேயே எட்வார்டு லூகா 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். 2024-ல் கிடைத்ததற்கு 4 கோடி இலக்கங்களுக்கு மேல்!

பயனில்லை என்றதும் பொய்த்தது. கம்ப்யூட்டரில் பகடை உருட்டுவதுபோல எண்களை உருவாக்கும் பிரபலமான முறை ஒன்று உண்டு. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, வரும் மீதியை எடுத்துக்கொள்வது. மீண்டும் அதையே பெருக்குவது. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதோடு, பெருக்கும் எண்ணும் அதற்குப் பொருத்தமாக அமைந்திருப்பதால், 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் வந்து முடிந்த பிறகுதான் பழைய எண் திரும்ப வரும்.

யூடியூப் இப்போது 64 பிட்டுக்கு மாறிவிட்டது. புதிய எல்லை 19 இலக்கம். ஆனால் அது பகா எண் இல்லை, ஏழால் வகுபடும்.

பழைய எண்ணின் சேட்டை இன்னும் பாக்கி இருக்கிறது. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்தக் கணக்கு 2147483647-ஐத் தொடும். இன்றைய புது போன்களுக்குக் கவலையில்லை. 32 பிட்டிலேயே நேரத்தை எண்ணும் பழைய கருவிகளை அதற்குள் மாற்றாவிட்டால், அடுத்த நொடி அவை காட்டக்கூடிய தேதி, சர்வதேச நேரப்படி, 1901 டிசம்பர் 13.