வீட்டு மெஷ் வலையும் பழைய றவுட்டரும்

விளக்கின் ஒளி தூரம் மிகுந்தோறும் குன்றுவது போலவே, றவுட்டரிலிருந்து புறப்படும் வைபை அலைகளும் வலி குன்றுவன. இடையிலுள்ள சுவர்களும் அவற்றை உறிஞ்சுகின்றன. 2.4 கிகாஹேர்ட்சு மீடிறனுடைய அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சதமமீற்றர், 5 கிகாஹேர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 6 சதமமீற்றர். பின்னது விரைவிற் சிறந்ததாயினும், தடித்த கற்சுவரை ஊடுருவும் ஆற்றலில் முன்னதற்குத் தாழ்ந்ததேயாம்.

இக்குறையை நீக்க எழுந்ததே மெஷ் முறை. இதில் வீட்டின் பல இடங்களில் வைக்கப்பட்ட நிலையங்கள் செய்தியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி உதவுகின்றன. இதற்கென 2011இல் 802.11எஸ் என்னும் பொதுநியமம் வகுக்கப்பட்டதாயினும், நிறுவனங்கள் பலவும் தத்தமக்குரிய முறைகளையே கையாளுகின்றன. ஆதலின் வேறொரு நிறுவனத்தின் பழைய றவுட்டர் பெரும்பாலும் மெஷ் வலையில் உறுப்பாகச் சேராது. எனின், அது பயனற்றதோ? அன்று. உறுப்பாகச் சேராதது துணையாக நின்று உதவும்.

துணைநிற்றற்கு வழிகள் இரண்டு. ஒன்று, அலைவழியே செய்தியைப் பெற்று அலைவழியே மீண்டும் அனுப்புதல். ஒரே வானொலிக்கருவி ஒரே அலைவரிசையில் இரு பணியையும் மாறிமாறிச் செய்யவேண்டியிருத்தலின், விரைவு ஏறத்தாழப் பாதியாகின்றது. மற்றையது, மெஷ் நிலையம் ஒன்றிலிருந்து ஈதர்நெற் கம்பி இழுத்து இணைத்தல். 100 மீற்றர் வரை செல்லும் இக்கம்பி சுவர்களாற் பாதிக்கப்படாது. ஆதலின் இதுவே சாலச் சிறந்தது.

கம்பியால் இணைப்போர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரு வீட்டில் முகவரி வழங்கும் அதிகாரி ஒருவரே இருத்தல் வேண்டும். இருவர் வழங்கின் கருவிகள் மயங்கும். எனவே பழைய றவுட்டரை முதலிற் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, அதில் அக்சஸ் பொயின்ற் என்னும் முறை இருப்பின் அதனைத் தெரிக. இல்லையேல் டிஎச்சிபி என்னும் முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, கம்பியை லேன் துளையிற் செருகுக. தலைமைக் கருவியின் முகவரி 192.168.1.1 எனின், இதற்கு 192.168.1.2 போன்ற வேறு முகவரி தருக. அது தலைமைக் கருவி பிறவற்றுக்கு வழங்கும் எல்லைக்கு வெளியே இருத்தல் நன்று. வலையின் பெயரும் கடவுச்சொல்லும் மெஷ் வலையில் உள்ளனவாகவே இருக்கலாம். 2.4 கிகாஹேர்ட்சில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாதன. அவற்றுள் அயற்கருவி பயன்படுத்தாத ஒன்றைத் தெரிக.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நடந்து செல்லும்போது எந்நிலையத்தைப் பற்றுவது என்பதைக் கைபேசியே தீர்மானிக்கும். மெஷ் நிலையங்கள் அதற்குத் தரும் குறிப்பைத் துணைக்கருவி தரமாட்டாது. ஆதலின் உரையாடல் ஒரு கணம் தடைப்படலாம். ஓரிடத்தில் அமர்ந்து கற்பார்க்கு இது குறையன்று.

பாதுகாப்பே யாவற்றினும் முதன்மையானது. வெப் என்னும் பழைய மறைமுறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையையேனும் அறியாத கருவியை வலையிற் சேர்த்தல் தகாது. தயாரித்தோர் திருத்தங்கள் வழங்குதலை நிறுத்திய கருவியும் ஐயத்துக்குரியதே.

2020இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டின் பின்னறையில் அலை எட்டாமையாற் பாடம் இழக்கப்படலாம் என்பதைப் பலர் உணர்ந்தனர். புதிய நிலையம் வாங்க வசதியில்லாதார்க்கும், அலுமாரியிற் கிடக்கும் றவுட்டர் ஒன்றும் சில மீற்றர் கம்பியும் அக்குறையைத் தீர்க்க வல்லன. எறியத்தக்கது எது, ஏற்கத்தக்கது எது என ஆராய்ந்து தெளிதலே இதற்கு வேண்டிய அறிவு.